வெளியேறிய காரணம்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப்பள்ளிப் பதிவேடுகள் கூறும் வரலாறு

முன்னுரை

தமிழ்ப்பள்ளிகளில் பயின்று பல்கலைக்கழகத்தை அடைந்த மாணவர்களிடம், தாம் கற்ற தொடக்கப்பள்ளியின் வரலாற்றைப் பத்துப் பக்க அளவில் எழுதி வருமாறு பணிப்பது நம் வழக்கம். கிள்ளான், பூச்சோங், செந்தூல், ஷா ஆலம் எனப் பல இடங்களிலிருந்து வரும் மாணவர்கள் எழுதும் அவ்வரலாறுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே அமைகின்றன. பள்ளி தொடங்கிய ஆண்டு, தலைமையாசிரியர்களின் பெயர்ப்பட்டியல், புதிய கட்டடம் எழுந்த நாள், திறந்து வைத்த அமைச்சர், அண்மைத் தேர்வு அடைவு ஆகியவை முறையே இடம்பெறும். ஒரு குறை மட்டும் ஆண்டுதோறும் தொடர்கின்றது. அப்பள்ளிகளில் படித்த பிள்ளைகள் அவ்வரலாறுகளில் காணப்படுவதில்லை.

இக்குறைக்கு மாணவர்களை மட்டும் பொறுப்பாக்குதல் பொருந்தாது. மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை நாம் எழுதியும் கற்பித்தும் வந்த முறையே அத்தகையது. சட்டங்களையும் ஆணைக்குழு அறிக்கைகளையும் கொண்டு அவ்வரலாற்றை அமைத்துள்ளோம். அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. எனினும், பள்ளிகள் எவ்வாறு திறக்கப்பட்டன என்பதையே அவை மிகுதியும் கூறுகின்றன. பிள்ளைகள் எவ்வாறு பள்ளியை விட்டுச் சென்றனர் என்பதை அறியப் பள்ளியிலேயே எழுதப்பட்ட ஒரு சான்று உண்டு. அதுவே சேர்க்கைப் பதிவேடு. அதன் கடைசிக் கட்டத்தை அடிப்படையாகக் கொண்டு கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எவ்வாறு வாசிக்கலாம் என்பதையும், அச்சான்று இன்று எந்நிலையில் உள்ளது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் திறந்த பள்ளிகள்

மலேசியாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக 1816ஆம் ஆண்டு கொள்ளப்படுகின்றது. அவ்வாண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பொன்று தொடங்கப்பட்டதே அதற்கு அடிப்படை. 2016இல் இந்நாட்டில் கொண்டாடப்பட்ட தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டும் இக்கணக்கைத் தழுவியதே. கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை இதற்குப் பிற்பட்டது. இருவகைத் தமிழர் குடியேற்றம் இங்குப் பள்ளிகளுக்கு வழிவகுத்தது.

முதலாவது இருப்புப்பாதையைச் சார்ந்தது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இருப்புப்பாதைத் துறையினரின் குடியிருப்பாக வளர்ந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் அங்கு அடுத்தடுத்து வாழ்ந்தனர். 1904இல் எழுந்த விவேகானந்த ஆசிரமமும் அதனைச் சார்ந்து வளர்ந்த பள்ளிகளும் இந்நகரச் சூழலில் தோன்றியவை. கல்வியை வேண்டி நின்ற ஒரு சமூகம் தானே முன்வந்து உருவாக்கிய பள்ளிகள் என இவற்றைக் கூறலாம்.

இரண்டாவது ரப்பர்த் தோட்டங்களைச் சார்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ரப்பர் விலை உயர்ந்தபோது, கிள்ளானைச் சூழ்ந்த நிலங்கள் விரைந்து தோட்டங்களாயின. கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்குமாறு நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த வழிசெய்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இக்கடப்பாடு இடம்பெற்றது.

சட்டத்தின் பெயரால் அமைந்த பள்ளிகளுள் பல, பள்ளி என்னும் பெயருக்கு உரியவையாக இல்லை. லயத்தின் ஒரு மூலையோ, கோயிலை ஒட்டிய கொட்டகையோ வகுப்பறையாயிற்று. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்வதும் உண்டு. மூன்று அல்லது நான்கு வகுப்புகளுக்கு மேல் பெரும்பாலும் இல்லை. தொழிலாளரைத் தோட்டத்தில் நிலைநிறுத்துவதற்குப் பள்ளி ஒரு துணையாகக் கருதப்பட்டதே தவிர, தோட்டத்திலிருந்து வெளியேறும் வழியாகக் கருதப்படவில்லை.

இச்செய்திகளைத் தொழிலாளர் துறை அறிக்கைகளும், மலாயாவில் பணியாற்றிய இந்திய அரசு முகவரின் ஆண்டறிக்கைகளும், 1937இல் வெளிவந்த சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கையும் ஆய்வாளர்களுக்கு உணர்த்தியுள்ளன. 1969இல் வெளிவந்த கெர்னியல் சிங் சாந்துவின் நூலும், 1970இல் வெளிவந்த சின்னப்பா அரசரத்தினத்தின் நூலும் இந்தியர் வரலாற்றுக்குப் பெரிதும் இத்தகைய ஆவணங்களைக் கொண்டே அடித்தளமிட்டன. இவை அனைத்தும் மேலிருந்து நோக்கியவை. பள்ளியின் வாயிலில் நின்று நோக்கிய ஆவணம் எது என்பதே அடுத்த வினா.

பதிவேட்டின் கடைசிக் கட்டம்

சேர்க்கைப் பதிவேடு மிக எளிய ஓர் ஏடு. நீண்ட தாள்களைச் சேர்த்துக் கட்டிய கனத்த அட்டைப் புத்தகம். வரிசை எண், பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தந்தை அல்லது காப்பாளர் பெயர், அவர்தம் தொழில், முகவரி, சேர்ந்த நாள், சேர்ந்த வகுப்பு, நீங்கிய நாள் என்று கட்டங்கள் செல்லும். இறுதியில் ‘வெளியேறிய காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஆசிரியர் தம் கையால் இரண்டு மூன்று சொற்களில் அதனை நிரப்புவார். அவர் வரலாறு எழுதுவதாக எண்ணி எழுதியிருக்கமாட்டார். மேற்பார்வையாளர் கேட்பார் என்பதற்காகவே எழுதியிருப்பார். அக்காரணத்தாலேயே அச்சொற்கள் நம்பத்தக்கனவாகின்றன.

நாம் பார்க்கக் கிடைத்த பழைய பதிவேடுகள் சிலவே. அவற்றைக் கொண்டு புள்ளிவிவர முடிவு கூறுதல் முறையன்று. ஆயினும், அக்கடைசிக் கட்டத்தில் மீண்டும் மீண்டும் வரும் சொற்கள் சிலவற்றைச் சுட்டலாம். ‘வேலைக்குச் சென்றான்’ என்பது ஒன்று. ‘வேறு தோட்டம் சென்றனர்’ என்பது மற்றொன்று. பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே ‘வீட்டில் இருக்கிறாள்’ என்னும் குறிப்பு காணப்படும். இம்மூன்று குறிப்புகளும் தோட்ட வாழ்வின் மூன்று இயல்புகளை நமக்கு விளக்குகின்றன.

முதலாவது, பிள்ளைகளின் உழைப்பு. குடும்பத்தின் கூலி போதாத நிலையில், களையெடுப்பதற்கும் பெற்றோரின் நிரையில் துணைசெய்வதற்கும் சிறுவர்கள் சென்றனர். இரண்டாவது, குடும்பங்களின் இடப்பெயர்ச்சி. கங்காணி தோட்டம் மாறினால் அவரைச் சார்ந்தோரும் மாறுவர். பிள்ளையின் கல்வி அங்கே அறுபடும். மூன்றாவது, பெண்பிள்ளையின் நிலை. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடலாம். நோயுற்ற குழந்தையையும் சமையலையும் யார் பார்ப்பது? மூத்த பெண்ணே பார்த்தாள். அவள் படிப்பில் நாட்டமின்றி நின்றவள் அல்லள். குடும்பத்தின் கூலிநாள் தவறாமல் இருக்க, தன் பள்ளிநாட்களைக் கொடுத்தவள். ‘வீட்டில் இருக்கிறாள்’ என்னும் சொற்றொடர் ஓய்வைக் குறிப்பதன்று. ஊதியமற்ற உழைப்பைக் குறிப்பது.

தோட்டப் பிள்ளைகள் படிக்காமைக்குப் பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் என்று ஒரு கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பதிவேட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர் அக்கருத்தை அத்துணை எளிதில் கூறமாட்டார். அக்கறையற்ற பெற்றோர் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருக்கவே தேவையில்லை. ஒரே பிள்ளை மூன்று தோட்டங்களில் மூன்று முறை முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டிருப்பின், அது அக்கறையின் சான்றா, அக்கறையின்மையின் சான்றா என்பதைக் கற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காலம் மாறியபோது மாறிய சொற்கள்

1941ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பும் 1945 வரை நீடித்த ஆட்சியும் தோட்டப் பள்ளிகளைச் சிதைத்தன. சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டனர். இக்காலத்துப் பதிவேடுகளில் பல வெற்றிடமாகவே உள்ளன. வெற்றிடமும் ஒரு சான்றுதான்.

போருக்குப் பின் கல்விக் கொள்கை பற்றிய விவாதம் எழுந்தது. 1951இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அமைந்த தேசியப் பள்ளியை முன்வைத்தது. தமிழ், சீனத் தாய்மொழிப் பள்ளிகளின் எதிர்காலம் அதனால் கேள்விக்குரியதாயிற்று. 1956இல் வந்த ரசாக் அறிக்கை, பொதுப் பாடத்திட்டத்தின்கீழ்த் தாய்மொழித் தொடக்கப்பள்ளிகளுக்கு இடமளித்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது பொதுவாக எடுத்தாளப்படும் எண்ணிக்கை. 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இம்முறையை உறுதிப்படுத்தின. அதே சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு, தேசிய வகைத் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அப்பிரிவு இடம்பெறவில்லை.

இக்காலத்தில் கடைசிக் கட்டத்தின் சொற்களும் மாறுகின்றன. ‘ஆறாம் ஆண்டு முடித்தான்’, ‘புகுமுக வகுப்புக்குச் சென்றாள்’ என்னும் குறிப்புகள் தோன்றுகின்றன. தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளை, மொழி மாற்றத்தின் பொருட்டு அக்காலத்தில் பொதுவாக ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்ற பின்னரே முதலாம் படிவத்தை அடைந்தது. அந்த ஓராண்டில் எத்துணைப் பிள்ளைகள் நின்றுவிட்டனர் என்பதைத் தமிழ்ப்பள்ளியின் பதிவேடு கூறாது. அதனை அறிய இடைநிலைப்பள்ளியின் பதிவேட்டையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டையும் இணைத்து நோக்கும் ஆய்வு பெருகினால், தமிழ்ப்பள்ளிக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் இடையில் காணாமற்போன பிள்ளைகளின் வரலாறு வெளிப்படும்.

வேறொரு குறிப்பும் எண்ணத்தக்கது. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. பேராசிரியர் உங்கு அசிஸ் அத்துண்டாடலை ஆராய்ந்து எழுதினார். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததற்கும் அதுவே பின்னணி. தொடர்ந்து, 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை பெறாதோர் வேலை அனுமதி பெறவேண்டிய நிலை 1969இல் ஏற்பட்டது. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் தமிழகம் திரும்பினர். அரசியல் வரலாற்றில் இஃது ஒரு பத்தியாக முடிந்துவிடுகின்றது. பதிவேட்டிலோ ‘இந்தியா சென்றனர்’ என்று இரு சொற்கள்; அண்ணன், தங்கை, தம்பி என ஒரே தந்தையின் பெயருக்கு நேரே ஒரே நாளில் எழுதப்பட்ட அதே இரு சொற்கள். இந்நாட்டில் பிறந்த அப்பிள்ளைகளுக்கு இந்தியா என்பது பாடநூலில் கண்ட நாடு. அவர்கள் ‘திரும்பினர்’ என்று நாம் வகுப்பறையில் கூறுவது சரியான சொல்தானா என்பதை அக்கட்டம் நம்மை வினவச் செய்கின்றது.

பெயரில் மட்டும் நிற்கும் தோட்டம்

1970கள் தொட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் நகரங்களாயின. சீஃபீல்டு தோட்டத்து நிலத்தில் 1976 முதல் சுபாங் ஜெயா உருவாயிற்று. 1978இல் சிலாங்கூரின் தலைநகராகிய ஷா ஆலமும் தோட்ட நிலங்களின்மேல் எழுந்ததே. எஃபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆயிற்று. புக்கிட் ஜாலில் தோட்டத்தின் நிலத்தில் 1998ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்கான அரங்கம் எழுந்தது. இன்று அவ்வூர்களில் ரப்பர் மரத்தைக் காண்டல் அரிது. ஆயினும் எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி, புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஷா ஆலத்தின் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, கிள்ளானின் ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, எமரல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆகியவை தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. கங்காணியும் துரையும் லயமும் மறைந்த பின்னர், தோட்டத்தின் பெயருக்கு வாரிசாக எஞ்சியது பள்ளி ஒன்றே.

பெயரைக் காத்த பள்ளிகள் ஏட்டைக் காத்தனவா? இங்கேதான் நம் கவலை தொடங்குகின்றது. தோட்டப் பள்ளியின் நிலம் நிறுவனத்திற்கு உரியது. நிலம் அரசுக்கு உரியதாக இல்லாமையால் பல பள்ளிகள் நெடுங்காலம் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்தன. நிலம் கைமாறியபோது பள்ளி இடம் மாறியது. சில பள்ளிகள் மூடப்பட்டன. சில ஒன்றோடொன்று இணைந்தன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மேசை, நாற்காலி, கரும்பலகை ஆகியவை கணக்கிட்டு எடுத்துச் செல்லப்பட்டன. பழைய பதிவேடுகள் அக்கணக்கில் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பள்ளிக்குப் பழைய பதிவேடுகளைப் பார்க்கச் சென்றோம். புதிய கட்டடத்திற்கு மாறியபோது, கரையான் அரித்த ஏடுகள் எனக் கருதி அவற்றை எரித்துவிட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. அதனைக் கூறிய ஆசிரியர் வருத்தத்துடனேயே கூறினார். அவர்மீது குறை காண்பதற்கில்லை. அவ்வேடுகளைத் தேடி அதற்குமுன் எவரும் அங்குச் சென்றதில்லை. நாமும் காலந்தாழ்த்தியே சென்றோம். பல்கலைக்கழகத்தில் இருபது கிலோமீட்டர் தொலைவிற்குள் இருந்துகொண்டு, அறிக்கைகளைத் தேடி அயல்நாட்டு ஆவணக் காப்பகங்களுக்குச் சென்றவர்கள் நாம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளுதல் தகும்.

செய்யத்தக்கன

பழைய ஏடுகளைப் பேணுவதால் பயன் யாது என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு இரு விடைகள் உண்டு.

முதலாவது, நடைமுறைப் பயன். பிறப்புப் பதிவு முறையாக அமையாத முதியோர் தம் பிறப்பையும் இந்நாட்டு வாழ்வையும் நிறுவ முற்படும்போது, பள்ளியில் பயின்றமைக்கான பதிவு துணைச்சான்றாக உதவக்கூடும். ஓர் ஏட்டை எரிப்பது ஒருவருடைய ஆதாரத்தை எரிப்பதாகவும் அமையலாம்.

இரண்டாவது, கல்விப் பயன். 2000களின் நடுப்பகுதியில் 523 தமிழ்ப்பள்ளிகளில் ஒரு லட்சத்திற்கும் குறையாத மாணவர்கள் பயின்றனர். பள்ளிகளின் எண்ணிக்கை இன்றும் பெரிதும் குறையவில்லை. மாணவர் தொகையோ 80,000ஐ ஒட்டிய நிலைக்கு இறங்கியுள்ளது. கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரிய பள்ளிகள் ஒருபுறமிருக்க, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் மறுபுறம் பெருகியுள்ளன. தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு உட்பட்டவையே என்று 2021இல் உயர் நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளன. ஆகவே பள்ளி இருக்கலாமா என்பதைவிட, பிள்ளைகள் ஏன் வருகின்றனர், ஏன் வருவதில்லை என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா. பிறப்பு வீதம், வீட்டுத் தொலைவு, போக்குவரத்துச் செலவு, பெற்றோரின் மொழித் தேர்வு ஆகியவற்றுள் எது எவ்வளவு காரணம் என்பதை ஊகத்தால் கூறிவருகின்றோம். நூறாண்டுக் காரணங்களை எழுதி வைத்த ஏட்டினைப் படிக்கக் கற்றுக்கொண்டால், இன்றைய காரணங்களை முறையாகக் கேட்கவும் கற்றுக்கொள்வோம்.

இதன் பொருட்டுச் சில பணிகளை முன்மொழிகின்றோம். தலைமையாசிரியர்கள் தம் பள்ளியிலுள்ள பழைய பதிவேடுகளையும் அன்றாடக் குறிப்பேடுகளையும் முதலில் பட்டியலிடலாம். ஈரமில்லாத ஓர் அலமாரி அதற்குப் போதும். பின்னர் ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிப்படமெடுத்து இரண்டு இடங்களில் வைக்கலாம். கைப்பேசி ஒன்றே அதற்குப் போதுமானது. பேண இயலாத ஏடுகளை அழிக்குமுன் தேசிய ஆவணக் காப்பகத்தின் அறிவுரையைப் பெறுதல் வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் தம் பள்ளி வரலாற்றை எழுதும்போது, பத்தாண்டுக் காலப் பதிவுகளை எடுத்துக்கொண்டு வெளியேறிய காரணங்களை வகைப்படுத்திப் பார்க்கலாம். தனிமனிதரின் பெயரும் குடும்பச் செய்தியும் வெளிப்படாமல் காத்தல் இப்பணியின் முதல் நெறியாகும். வரலாற்றுக்குத் தேவைப்படுவது யார் சென்றார் என்பதன்று. ஏன் சென்றனர் என்பதே.

முடிவுரை

1950களில் கோ. சாரங்கபாணி அவர்களின் முயற்சியால் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டப்பட்டபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெறவேண்டும் என்பதற்காக எளிய மக்களும் பொருள் தந்தனர். 1956இல் தொடங்கப்பெற்ற இந்திய ஆய்வியல் துறையின் நூலக அடுக்குகளில் அவர்களின் கூலியும் கலந்துள்ளது. தம் பிள்ளைகளை ஆறாம் ஆண்டு வரை அனுப்ப இயலாதவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். அவர்தம் பிள்ளைகளின் பெயர்கள் தோட்டப் பள்ளிகளின் பதிவேடுகளில் உள்ளன; அல்லது இருந்தன.

சட்டங்கள் பள்ளிகளைத் திறந்தன. அறிக்கைகள் அவற்றின் போக்கை வகுத்தன. அவற்றினூடே வந்து சென்ற பிள்ளைகளைக் குறித்துவைத்தவர், மையும் கோலும் கொண்டு நாள்தோறும் ஏடு எழுதிய ஆசிரியர். அவ்வாசிரியரின் கையெழுத்தைப் படிப்பதும் காப்பதும், அவர் மரபில் வந்து இன்று வகுப்பறையில் நிற்கும் நம் அனைவரின் கடன். இனி வரும் கல்வியாண்டில் நம் மாணவர்கள் எழுதவிருக்கும் பள்ளி வரலாறுகளில், அமைச்சரின் பெயருக்கு அடுத்த வரியிலேனும் ஒரு பிள்ளை ஏன் பள்ளியை விட்டுச் சென்றது என்பது இடம்பெறுமாயின், இக்கட்டுரை தன் நோக்கத்தை எய்தியதாகக் கருதுவோம்.